சாயங்காலச் சாயம்

ஆரணியில் பட்டு வாங்கத் தெரிந்தவர், விற்கத் தெரிந்தவர் எவரும் சாயங்காலத்தில் சாயம் பார்க்கமாட்டார்கள். விளக்கு வெளிச்சம் எல்லாப் புடவைக்கும் பொய்ச்சாட்சி சொல்லும். அரக்கு கறுப்பாகத் தெரியும், கிளிப்பச்சை பாசிபிடித்த மாதிரி தெரியும். காலை வெயில் வாசலுக்கு வந்த பிறகு புடவையை வெளியே கொண்டுவந்து, முந்தியை விரித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துத்தான் 'சரி' சொல்வார்கள்.

இந்தத் தொழில் நியாயத்தைத் தன் முகத்துக்கும் சேர்த்து அமல்படுத்திய ஒரே மனிதர் சுப்பராயலு.

பட்டு வியாபாரிகள் சங்கத் தலைவர் என்கிற முறையில் அவருடைய முகம் சங்கக் காலண்டரிலும், கல்யாண வாழ்த்து பேனர்களிலும், மூன்று முறை திறந்துவைக்கப்பட்ட ஒரே தண்ணீர்ப் பந்தலிலும் இருந்தது. அத்தனை படமும் காலை வெயிலில், மொட்டை மாடியில், கிழக்குப் பார்த்து நின்று எடுத்தவை. சாயங்காலத்தில் எவராவது செல்போனைத் தூக்கினால் குறுக்கே கை நீட்டிவிடுவார்.

"சாயங்காலத்துல சாயம் பாக்கக் கூடாதுய்யா" என்பார்.

அப்பேர்ப்பட்டவருடைய சாயங்கால முகம்தான் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றி வந்தது. பாதி மூடிய கண்கள், லேசாகத் திறந்த வாய். கீழே அவருடைய தேர்தல் வாசகத்தையே எடுத்துப் போட்டிருந்தார்கள்: 'உங்களுக்காக விழித்திருக்கிறேன்!'

அன்றிலிருந்து அவர் 'தூங்குமூஞ்சித் தலைவர்'. அந்த அவமானத்தில்தான் வேலூரில் ஓர் அழகு கிளினிக்கைப் பிடித்து, தொங்கும் இமையை வெட்டித் தைத்துக்கொள்ள வெள்ளிக்கிழமைக்கு நாளும் குறித்துவிட்டார்.

படத்தை எடுத்த புண்ணியவான் யார் என்று சங்கமே மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நமக்குத் தெரியும். எடுத்தது அவருடைய மனைவி அபிதகுசாம்பாள்.

சில மாதங்களாக சங்கக் கூட்டம் முடிந்து வரும்போதெல்லாம் புருஷனுக்குக் கண் செருகியிருந்தது. குரல் மூக்கால் வந்தது. தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. 'குடிக்கிறாரோ?' என்ற சந்தேகத்தில் சட்டையைக்கூட மோந்து பார்த்தாள். ஜவ்வாது வாசனைதான் வந்தது. கடைசியில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைத் தெரியாமல் ஒரு படம் எடுத்து, கூடப் பிறந்த அண்ணன் இராஜமாணிக்கத்துக்கு அனுப்பினாள். 'அண்ணா, இவரு குடிக்கிறாரான்னு கம்முனு விசாரி' என்று ஒரு வரியும் சேர்த்து.

இராஜமாணிக்கம் சங்கத் தேர்தலில் எதிரணி என்பதை அந்த நேரத்தில் அவள் மறந்துவிட்டாள். தங்கைக்கு அண்ணன் என்றால் அண்ணன்தானே?

"நான் ஒருத்தருக்குத்தாம்மா காமிச்சேன்" என்று பிறகு சத்தியம் செய்தான் அண்ணன். அந்த ஒருத்தர், பேனர் அடிக்கும் பழனி.

*

வியாழக்கிழமை காலை வேலூருக்குக் கார் கிளம்பியது.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் இந்தப் பயணம் நடந்ததற்குக் காரணம் சென்னையில் இருக்கும் மகள் சுகன்யா. "கண்ணுல கத்தி வெக்கறதுக்கு முன்னாடி கண்ணு டாக்டரு ஒருத்தரு பாக்க வேணாமாம்மா? அந்த கிளினிக்குல மரு எடுக்கறதும் அதே ஆளு, முடி நடறதும் அதே ஆளு. இமை ஆபரேஷனுக்குன்னே தனியா படிச்ச கண் டாக்டருங்க இருக்காங்க" என்று போனில் கத்தினாள்.

புருஷனிடம் இதை நேராகச் சொன்னால் நடக்காது என்று அபிதகுசாம்பாளுக்குத் தெரியும். காபியை நீட்டும்போது, தனக்குள் பேசுவதுபோல, "வேலூர்ல ஒரு கண்ணு டாக்டரம்மா இருக்காங்களாம், சும்மா யாரையும் பாக்க மாட்டாங்களாம். பெரிய பெரிய ஆளுங்களத்தான் பாப்பாங்களாம்" என்றாள்.

"என்னிக்குப் பாக்கணும்?" என்றார் சுப்பராயலு.

டிரைவர் தீனாவிடம் ஜிஎஸ்டி வேலை என்று சொல்லியிருந்தது. கண்ணமங்கலம் தாண்டி, வேலூருக்குள் நுழைந்து, சொன்ன வாசலில் வண்டியை நிறுத்திய தீனா போர்டை அண்ணாந்து பார்த்தான்.

"ஜிஎஸ்டி ஆபீஸ எப்ப சார் கண்ணாஸ்பத்திரிக்கு மாத்துனாங்க?"

"உன் வேலையப் பாரு."

மயில்கண் கரை வேட்டி, மேலே சந்தன நிறச் சட்டை, விரலுக்கு ஒரு மோதிரம் என்று இறங்கினார் தலைவர். பெரிய ஆட்களை மட்டுமே பார்க்கும் டாக்டரின் கூடத்தில், அரிசி மில் தூசியோடு வந்தவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"தாத்தா, இந்தப் பக்கம் உக்காருங்க" என்றாள் நர்ஸ்.

'தாத்தா' என்ற சொல் அவருடைய சட்டைக் கஞ்சியைக் கொஞ்சம் கலைத்தது. உட்கார்ந்தார்.

பக்கத்தில் இருந்த பெண்மணி அவரையே உற்றுப் பார்த்தாள். திரும்பினாள். மறுபடியும் பார்த்தாள்.

"உங்கள எங்கியோ பாத்த மாதிரி இருக்குதுங்க."

சுப்பராயலுவின் முதுகு தானாக நிமிர்ந்தது. "இருக்கலாம்மா. ஆரணி. பொதுவாழ்க்கையில இருக்கறவன்."

"ஆங்! ஞாபகம் வந்திடுச்சு. வாட்ஸ்அப்புல தூங்கிகினு இருந்தீங்களே! எங்க பெரணமல்லூர்ல எல்லாரும் பாத்தோம். எம் பேரன் சோறு துன்னலன்னா உங்களத்தான் காமிக்கறது, சிரிச்சுகினே துன்னுடும்."

அபிதகுசாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. கைப்பைக்குள் செல்போன் கல்லாய்க் கனத்தது. அந்தப் படம், வெட்டாத முழுப் படம், இன்னும் அதில்தான் இருந்தது. அழித்திருக்க வேண்டும். எத்தனையோ முறை விரலை வைத்தும் அழிக்க மனம் வரவில்லை. தன் கையால் செய்த தப்பை ஒளித்துவைப்பது சரி, துடைத்துப்போடுவது சரியில்லை என்று அவளுக்கு ஒரு கணக்கு.

*

டாக்டர் ராதிகா சின்ன உருவம். குரலும் சின்னதுதான். ஆனால் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க சார்?"

"மாத்திரையா? நான் தொடறதே இல்லீங்க. உடம்பு அப்படி."

"தினமும் ஒண்ணு போடறாருங்க" என்றாள் அபிதகுசாம்பாள். "நெஞ்சு வலின்னு போன வருஷம் குடுத்தாங்க. ரத்தத்த இளக வெக்கிற மாத்திரை."

"அது சின்ன மாத்திரை" என்றார் அவர்.

"சின்னதுதான். அதைப் போட்டுகிட்டு இமையில கத்தி வெச்சா, கண்ணுக்குப் பின்னால ரத்தம் கட்டிப் பார்வையே போறதுக்கு வாய்ப்பு இருக்கு. அதுக்காக நீங்களா நிறுத்திடவும் கூடாது. குடுத்த டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்தணும். சுகர்? பிரஷர்? தைராய்டு? கண்ணு வறண்டு எரியறது உண்டா?"

ஒவ்வொன்றுக்கும் அவர் 'இல்லை' என்றார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அவள் 'கொஞ்சம் உண்டு' என்றாள். நல்ல கச்சேரி மாதிரி நடந்தது.

"நாளைக்கு ஆபரேஷன்னு சொல்றீங்க. அவங்க இதையெல்லாம் கேக்கலையா?"

"அவங்க கேட்டது ஒண்ணுதாங்க" என்றாள் அபிதகுசாம்பாள். "எத்தினி வயசு மாதிரி தெரியணும்னு கேட்டாங்க. இவரு நாப்பத்தஞ்சுன்னாரு."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு அந்தம்மாவைப் பிடித்துப்போனது.

"சார், அழகாத் தெரியணும்னு எங்கிட்ட ஆசையா வர்றவங்க நிறைய பேரு. அதுல தப்பே இல்லை. ஆனா போட்டோவுல காட்டற மாதிரி மறுநாளே ஆயிடாது. ரெண்டு வாரம் வீங்கும், கன்னிப்போகும். யாராவது அடிச்சுட்டாங்களான்னு ஊரு கேக்கும். தோலை அளவுக்கு மீறி எடுத்துட்டா கண்ணு முழுசா மூடாது. தூங்கும்போதும் திறந்தே இருக்கும்."

'உங்களுக்காக விழித்திருக்கிறேன்' என்ற வாசகம் அபிதகுசாம்பாளின் மனதுக்குள் ஒருமுறை ஓடி மறைந்தது.

"முதல்ல ஒண்ணு தெரியணும். உங்க கடை ஷட்டரை நினைச்சுக்கோங்க. பாதியில நிக்குதுன்னா தகடு தொங்கலாம். இல்லை, மேல இழுக்கற ஸ்பிரிங்கு சோந்து போயிருக்கலாம். தகடு தொங்கினா வெட்டலாம். ஸ்பிரிங்கு சோந்திருந்தா தகடை வெட்டி என்ன பிரயோஜனம்?"

கடைக்காரருக்கு அது புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

டாக்டர் விரலை உயர்த்தினாள். "இதையே பாருங்க. இமைக்காம, மேலேயே பாருங்க."

அவர் பார்த்தார். கொஞ்ச நேரம் கண்கள் மேலேயே இருந்தன. பிறகு இமைகள், யாரும் தொடாமலே, மெல்ல இறங்க ஆரம்பித்தன. இடது இமை கொஞ்சம் அதிகமாகவே இறங்கியது.

டாக்டரின் முகம் மாறியதை அபிதகுசாம்பாள் கவனித்தாள்.

"சாயங்காலத்துல இது அதிகமாகுதா?"

"சேச்சே. எப்பவும் ஒரே மாதிரிதான்."

"அதிகமாகுதுங்க" என்றாள் அவள். "காலையில நல்லாத்தான் இருப்பாரு. பொழுது சாய சாய..."

"இவளுக்குக் கண்ணாடி போட்டாத்தான் தெரியும். போட மாட்டா" என்று அவர் செல்போனை எடுத்து நீட்டினார். "நீங்களே பாருங்கம்மா. எத்தினி படம் வேணும்?"

டாக்டர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மொட்டை மாடி. மொட்டை மாடி. மாலையோடு மொட்டை மாடி.

"எல்லாமே காலை வெயில்ல எடுத்ததா இருக்கே. சாயங்காலம் எடுத்தது ஒண்ணு கூட இல்லையா?"

"சாயங்காலத்துல சாயம் பாக்கற வழக்கம் எங்க தொழில்ல இல்லீங்க."

அந்த வாட்ஸ்அப் படத்தைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. வந்த அன்றே தன் போனிலிருந்து அதை அழித்து, வீட்டிலும் அந்தப் பேச்சு எழக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்.

"அப்போ ஒண்ணு செய்யுங்க. சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இருங்க. நான் மறுபடி பாக்கறேன்."

"முடியாதுங்க. வேலை தலைக்கு மேல கெடக்குது. நாளைக்கு ஆபரேஷன் வேற." அவர் எழுந்தேவிட்டார். "கிளம்பு அபிதா. இங்க ஒரே பேஜாரா இருக்குது."

கதவுவரைக்கும் போய்விட்டார். கைப்பிடியில் கை வைத்தாகிவிட்டது.

அபிதகுசாம்பாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். இந்தக் கதவு திறந்தால் நாளைக்கு அங்கே கத்தி. திறக்காமல் இருக்கவேண்டுமென்றால் அவள் கைப்பையைத் திறக்க வேண்டும். முப்பத்துச் சொச்சம் வருஷம் பவிசாய் ஓடிய தாம்பத்தியத்தின் சாயம் வெளுப்பதற்கு வேலூர்தான் இடம் என்று எழுதியிருந்தால் யார் என்ன செய்வது?

"எங்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க" என்றாள். போனை எடுத்து, படத்தைத் திறந்து, மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் குனிந்தாள். வாசலிலிருந்து திரும்பிவந்து அவரும் குனிந்தார்.

ஊர் பார்த்தது வெறும் முகம். இது முழுப் படம். கீழே எவர்சில்வர் தட்டு, அதில் பாதி மிச்சமிருந்த சோறும் கறியும். பின்னால் அவர்கள் வீட்டுச் சுவர். சுவரில் சங்கக் காலண்டர். காலண்டரில் காலை வெயிலில் கண்களை அகலத் திறந்து சிரிக்கும் சுப்பராயலு. அவருக்கு நேர் கீழே, விளக்கு வெளிச்சத்தில் கண் செருகி உட்கார்ந்திருக்கும் சுப்பராயலு.

"மேல காலண்டர்ல இருக்கறது யாரு?" என்றாள் டாக்டர்.

"அதுவும் இவருதாங்க."

டாக்டர் படத்தைப் பெரிதாக்கி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதைவிட நல்ல படம் யாரும் எடுத்திருக்க முடியாதும்மா" என்றாள்.

சுப்பராயலு தட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது.

"சார், உக்காருங்க. பேசிகிட்டே இருந்தா குரல் மாறுதா?"

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மென்னு சாப்பிடறப்ப தாடை வலிக்குதா?"

மேடைக்குரல் எல்லாம் இறங்கிப்போன ஒரு குரலில் அவர் சொன்னார்: "வலிக்கலீங்க. அசந்து போவுது. பாதிச் சோத்துல தாடை நின்னுடுது."

அபிதகுசாம்பாள் நிமிர்ந்தாள். எத்தனை நாள் அந்தத் தட்டைக் கழுவும்போது, 'இந்தக் கைப்பக்குவம் இப்ப தலைவருக்கு எறங்கலியாக்கும்' என்று குழாயைத் திட்டியிருக்கிறாள்!

*

அடுத்து நடந்ததை ஆரணிக்காரர்களில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அதனால் ஊர் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அதுதான் நிஜம்.

நர்ஸ் ஒரு ரப்பர் கையுறையில் ஐஸ் கட்டிகளைப் போட்டு முடிந்து கொண்டுவந்தாள். கண்ணை மூடச் சொல்லி, அதை அவருடைய இடது இமைமேல் வைத்தார்கள். பட்டு வியாபாரிகள் சங்கத் தலைவர், முகத்தின்மேல் ஐந்து விரலும் விறைத்து நிற்க, கையுறையிடம் அறை வாங்கியவர்போலச் சாய்ந்து கிடந்தார். ஐஸ் தண்ணீர் சந்தனச் சட்டையில் சொட்டியது. எவ்வளவு நல்ல படம்! இந்த முறை அவள் போனைத் தொடவில்லை.

"போதும். கண்ணைத் திறங்க" என்றாள் டாக்டர்.

இடது இமை ஏறியது. காலையில் கடை திறக்கும் ஷட்டர்போல, ஒரே இழுப்பில். வலதைவிட அதிகமாகவே. கண்ணாடியில் தன்னைப் பார்த்தவர் வாயைத் திறந்தார், மூடினார்.

"கத்தியில்லாம தூக்கிட்டீங்களே!" என்றார்.

"கொஞ்ச நேரத்துல மறுபடி இறங்கிடும் சார். ஆனா எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சுபோச்சு. குளிர்ச்சி பட்டா ஏறுது, களைச்சா இறங்குது. உங்க தோல்மேல பழியே இல்லை. மூளை 'தூக்கு'ன்னு சொல்றது இமைச் சதைக்குச் சரியா போய்ச் சேரலைன்னு தோணுது. மயஸ்தீனியான்னு ஒரு வியாதி. ரத்தம் பாத்து, நரம்பு டாக்டர் பாத்துத்தான் உறுதியா சொல்லணும்."

"பெரிய வியாதிங்களா?" என்றாள் அபிதகுசாம்பாள்.

"கண்டுபிடிச்சுட்டா மருந்து இருக்கும்மா. கண்டுபிடிக்காம விட்டாத்தான் பயம். நாளைக்கு அங்க போயிருந்தா மயக்க மருந்து கொடுப்பாங்க, புண்ணு ஆற மாத்திரை கொடுப்பாங்க. அதுல சிலது இந்த வியாதிக்கு ஆகவே ஆகாது. மூச்சுவரைக்கும் போயிடும்." அதற்குமேல் டாக்டர் சொல்லவில்லை. "முழுங்க முடியல, மூச்சு வாங்குதுன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க. எந்த நேரமானாலும் நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

பிறகு டாக்டரே போன் போட்டாள். மதியத்துக்குள் நரம்பு டாக்டர் முத்துவேல் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். ஒரு மாத்திரை எழுதி, அங்கேயே ஒன்றைப் போடச் சொன்னார்கள். நெஞ்சுக்குள் ஏதோ ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது வீங்கியிருக்கிறதா என்று பார்க்க புதன்கிழமை ஸ்கேன்.

"இருந்தா?" என்று கேட்டாள் அபிதகுசாம்பாள்.

"இருந்தா அப்ப பேசலாம்" என்றார் டாக்டர் முத்துவேல். அந்த 'அப்ப' அவள் சேலைத் தலைப்பில் முடிச்சாக விழுந்துவிட்டது.

மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. இந்த மனிதர் மட்டும் அடக்கமான ஆளாக இருந்திருந்தால்? 'வயசானா கண்ணு தொங்கத்தானே செய்யும்' என்று விட்டிருப்பார். காலண்டரில் மூஞ்சி வரவேண்டும், பேனரில் கண் பளிச்சென்று இருக்கவேண்டும் என்ற அந்தப் பாழாய்ப்போன பவிசுதான் அவரை டாக்டர்வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளாக எந்தப் பவிசை வாய்க்குள் திட்டிக்கொண்டே இருந்தாளோ, அதற்கு அந்த வரிசையில் நின்றபடியே மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். கும்பிட்டதை யாரும் பார்க்கவில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டாள்.

*

திரும்பும் வழியில் கண்ணமங்கலத்தில் தீனா டீ வாங்கப் போனான்.

"குடிக்கிறேன்னு நெனச்சியா?" என்றார் அவர், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

"ஆமாங்க."

"கேட்டிருக்கலாமில்ல?"

"கண்ணு தொங்குதுன்னு சொன்னதுக்கே மூணு நாளு பேசல நீங்க. குடிக்கிறீங்களான்னு கேட்டா வீட்ட வித்துட்டுப் போயிருப்பீங்க."

அவர் கார்க் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டார்.

"மெல்ல முடியலன்னு நீங்க சொல்லியிருக்கலாமில்ல?"

"யாருகிட்ட சொல்றது? சோறு மெல்ல முடியாதவன் சங்கத்த எப்டி நடத்துவான்னு கேக்க மாட்டானுங்களா?"

"எங்கிட்டகூடவா எலக்ஷன்ல நிக்கறீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பிறகு, "உங்க அண்ணனுக்குத்தான் அனுப்பினியா?" என்றார்.

"எங்க அண்ணன்னு நெனச்சு அனுப்பினேன். எதிரணின்னு மறந்துட்டேன். தப்புதாங்க."

டீ வந்தது. அவர் ஒரு வாய் குடித்தார். ஆஸ்பத்திரியில் போட்ட மாத்திரையோ என்னவோ, வழக்கம்போல மூக்கில் ஏறாமல் ஒழுங்காக இறங்கியது. இன்னொரு வாய் குடித்து அதை உறுதிசெய்துகொண்டார்.

"தப்புதான்" என்றார். "நல்ல தப்பு."

சுப்பராயலுவிடமிருந்து இதற்குமேல் நன்றி எதிர்பார்ப்பவர்கள் அவரோடு வாழாதவர்கள். அபிதகுசாம்பாளுக்கு அது போதும். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அழகு கிளினிக்குக்குப் போன் போட்டு, நாளைக்கு வரவில்லை என்று சொன்னார். "ஏன் சார், பயமா?" என்றது அந்தப் பக்கம். "ஆமாம்மா" என்றார் அவர். இந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை.

பொழுது சாய்ந்தது. எழுதிக்கொடுத்த நேரத்துக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சற்றுநேரம் உட்கார்ந்திருந்தவர், "அந்த டப்பாவுல தட்டை இருக்குதா?" என்றார்.

வைத்தாள். போன மாதம் சுட்டபோது ஒன்றைக் கடித்துவிட்டு 'எண்ணெய் வாசனை' என்று தள்ளிய அதே பண்டம். இது புதிது. அவள் சமையலறைக்குள் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

மொறுக்.

கொஞ்சம் நின்றது. மறுபடியும் மொறுக். மெதுவாக, நிதானமாக, ஒரு தட்டை முழுசாக முடிந்தது. இரண்டாவதில் கை வைக்கும் சத்தமும் கேட்டது. ஊரில் எந்தக் கோயில் மணியும் அன்றைக்கு அவள் காதில் அவ்வளவு இனிப்பாக ஒலித்திருக்க முடியாது.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அண்ணன்.

"தங்கச்சி, மனசக் கல்லாக்கிக்கோ. மச்சான் குடிச்சுட்டு வந்து கூட்டத்துல ஒளர்றாருன்னு எங்க அணிப் பசங்க சங்கத்துல எழுதிக் குடுத்துட்டானுங்க. நாளைக்கு சாயங்காலம் அவசரக் கூட்டம். தலைவரு பதவிய விட்டு எறங்கணும்னு தீர்மானம். நான் ஒண்ணும் பண்ணல, ஆமா. பசங்கதான்."

"நாளைக்கு சாயங்காலமா?"

"சாயங்காலம்தான்."

போனை வைத்துவிட்டு வந்து அப்படியே சொன்னாள். சுப்பராயலு தட்டையைக் கீழே வைத்தார்.

"வேணும்னே சாயங்காலம் வெக்கறான் உங்க அண்ணன். என் குரலு சாயற நேரம் அவனுக்குத் தெரியும். மாத்திரை எவ்வளவு நேரம் தாங்கும்னு யாரு கண்டா? காலையில வெக்கச் சொல்லு. காலையில நிக்கிறேன், எவன் கேக்கறான் பாக்கலாம்."

"வேணாங்க."

"இன்னா வேணாம்?"

"சாயங்காலமே போங்க. கண்ணு தொங்கட்டும். குரலு மூக்குல போவட்டும். இதான் வியாதி, இதுக்குப் பேரு இது, குடிக்கலன்னு அதே மூஞ்சோட சொல்லுங்க. காலையில போயி நின்னீங்கன்னா பளபளன்னு இருப்பீங்க, ஒருத்தனும் நம்பமாட்டான். நான் கூட வரேன். படம் எடுத்தது நான்தான்னு நானே சொல்றேன்."

"சாயங்காலத்துல சாயம் பாக்கக் கூடாதுன்னு..."

"இந்தச் சாயத்த சாயங்காலத்துலதாங்க பாக்கணும்."

சுவரில் காலண்டர் சுப்பராயலு கண்ணை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே உட்கார்ந்திருந்தவருக்கு இடது இமை லேசாக இறங்க ஆரம்பித்திருந்தது. அவர் அதைக் கையால் மறைக்கவில்லை. கீழே வைத்த தட்டையை மறுபடி எடுத்துக் கடித்தபடி யோசித்தார். தீர்மானம், தேர்தல், மச்சான், புதன்கிழமை ஸ்கேன் எல்லாம் அந்த யோசனையில் இருந்திருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

கடைசியில் கேட்டார்:

"விளக்கு வெளிச்சத்துக்கு எந்த வேட்டி எடுப்பா இருக்கும்?"